தண்ணீர் வருமுன் எழுதிய நன்றிக் கடிதம்

1

கபாலி துணை.

ரங்கூனில் நாங்கள் நால்வரும் சுகம். மயிலாப்பூரில் இந்தப் பத்திரிகை படிக்கும் நீங்களும் சுகமாக இருக்கிறீர்கள் என்று எழுதத்தான் கை போயிற்று. நிறுத்திக்கொண்டேன். எனக்கு எப்படித் தெரியும்? சுகமா என்று கேட்கலாம். சுகம் என்று நானே எழுதிவிடக் கூடாது. இந்த எச்சரிக்கை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இன்று கடையை அரை நாள் மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தொடங்குமுன்பே சிரிப்பு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று அறுபத்துமூவர் திருநாள். அங்கே மாடவீதி நான்கிலும் தலைகளாகத் தெரியும். இங்கே அது வெறும் புதன்கிழமை. ஆனாலும் வருஷம் தவறாமல் எங்கள் பாத்திரக் கடை வாசலில் ஒரு பானை நீர்மோர் வைத்துவிடுவேன். பர்மாக்காரர்களுக்கு இது புதுமை இல்லை. வழிப்போக்கர்களுக்காகத் தெருவில் தண்ணீர்ப் பானை வைப்பது அவர்களுக்கும் புண்ணியம். மோரில் போட்ட பெருங்காயம்தான் அவர்களுக்குப் புதுமை. ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிப்பார்கள். அப்புறம் தெரிந்தவர்களைக் கூட்டி வந்து, அவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

என் மகள் சிவகாமிக்கு ஒன்பது வயது. மோர் குடித்தவர்களைப் பர்மா பாஷையில் எண்ணிக்கொண்டிருந்தாள். தமிழில் எண்ணு என்றால் இருபதுக்கு மேல் தடுமாறுகிறாள். என்னை அப்பா என்று கூப்பிடுவதும் குறைந்துவிட்டது. "அபே, அபே" என்கிறாள். இங்கே அப்பாவுக்கு அதுதான் பெயர். முதலில் வருத்தமாக இருந்தது. அம்பாளை ஆயிரம் பெயரில் கூப்பிடுகிறோமே, நான் என்ன உயர்த்தி என்று விட்டுவிட்டேன்.

அப்போது நகரசபைச் சேவகன் ஒரு தாளோடு வந்தான். பாதி பர்மா பாஷையில், பாதி இங்கிலீஷில் எழுதிய தாள். இரண்டும் எனக்குப் பாதிதான். சிவகாமி வாங்கிப் படித்துச் சொன்னாள்: "சந்து முனையில சாக்கடைக்குப் புது மூடி போட்டாச்சாம். நமக்கெல்லாம் ரொம்பத் திருப்தியாம். கையெழுத்துப் போடணுமாம், அபே."

எட்டிப் பார்த்தேன். சாக்கடை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காலையில்தான் ஒரு கோழி அதில் விழுந்து, அதைத் தூக்க நாலு பேர் சேர்ந்தோம்.

"மூடி எங்கே?" என்றேன்.

சேவகன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். சிவகாமி, "நாளைக்கு வருமாம்" என்றாள்.

"அப்ப நாளைக்கே கையெழுத்து."

அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. "சந்துல எல்லாரும் போட்டுட்டாங்க அபே! ஒரு கையெழுத்துதானே?"

"ஒரு கையெழுத்தா!" என்றேன். சேவகனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, மகளை உட்கார வைத்துச் சொன்ன கதைதான் இது. அவள் கேட்ட கேள்விகளை விட்டுவிட்டு எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதினால் பத்திரிகை தாங்காது.

2

ரங்கூனுக்கு வருமுன் நாங்கள் இருந்தது மயிலாப்பூரில் குளத்துக்கு வடக்கே ஒரு சின்னத் தெரு. நாற்பது வீடு. பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவது அப்போது என் வேலை. குடம், செம்பு, தாம்பாளம் எதுவானாலும், இன்னார் இன்னாருக்குக் கொடுத்த சீர் என்று சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதுவேன். நாலாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. ஆனால் எழுத்து மணியாக இருக்கும் என்று பெயர்.

எங்கள் தெருமுனையில் கார்ப்பரேஷன் ஒரு குழாய் நட்டது. இரும்புக் குழாய், சிங்க முகம், திறந்த வாய். நட்டதோடு சரி. அந்தச் சிங்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. காக்கை உட்கார்ந்தது. இட்லிக்கார முனியம்மா தன் ஆட்டை அதில் கட்டினாள். வெள்ளிக்கிழமை தோறும் யாரோ அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். சாமி ஆக்கியாவது தண்ணீர் வருமா என்று பார்த்தார்களோ என்னவோ! தண்ணீருக்கு அடுத்த தெருக் கிணறுதான். பெண்கள் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம்.

சட்டசபையில் எங்கள் பக்கத்து மெம்பர் ஒருவர் இருந்தார். லஸ் பக்கம் தோட்ட பங்களா. அவருக்கு மகஜர் கொடுப்பதென்று தெரு கூடித் தீர்மானித்தது. "எழுத்து மணியாட்டம் இருக்கணும், சபாபதி எழுதட்டும்" என்றார்கள். நானும் எழுதினேன். இத்தனை மாதமாகத் தண்ணீர் வரவில்லை, குழந்தைகுட்டிக்காரர்கள் அவதிப்படுகிறோம், தாங்கள்தான் தயவு செய்ய வேண்டும் என்று முதல் தாள்.

அதோடு விட்டேனா? இங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

எங்கள் அம்மா கற்பகாம்பாளிடம் எது கேட்டாலும் அன்றைக்கே தேங்காய் உடைத்துவிடுவாள். "கேட்டாச்சுன்னா குடுத்தாச்சுடா. நன்றி சொல்லாம வந்தா, அவ குடுப்பாளான்னு நமக்குச் சந்தேகம்னு ஆயிடும்" என்பாள். அந்தப் பழக்கத்தில், சாமிக்குச் செய்வதை மெம்பருக்கும் செய்தேன். இரண்டாம் தாள் எடுத்தேன். "தங்கள் தயவால் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் கங்கை போல் பெருகி வருகிறது. எங்கள் வயிறு குளிர்ந்தது. தங்கள் குலம் வாழ்க" என்று எழுதினேன். அவர் மனம் குளிர்ந்தால் குழாய் தானே குளிரும் என்று எண்ணம்.

நாற்பது வீட்டாரும் இரண்டு தாளிலும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் அம்பாளிடம் அப்படித்தானே வேண்டிக்கொள்கிறோம்! முதல் தாளின் நகலைக் கடையில் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே குண்டூசியால் குத்தி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

3

அறுபத்துமூவருக்குப் பத்து நாள் இருக்கும். சாந்தோமில் குடியிருந்த அருளப்பன் வாத்தியார் பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர். என் தங்கமான சிநேகிதர்.

"சபாபதி, உன் தெருவுல தண்ணி வருதாமே?"

"யார் சொன்னது வாத்தியாரே?"

"நீதான்" என்று பத்திரிகையைப் பிரித்தார்.

விஷயம் இது. வடக்கே எங்கிருந்தோ வந்த ஒரு மெம்பர் சபையில் கேள்வி கேட்டிருக்கிறார். மயிலாப்பூரிலும் சுற்றுப்புறத்திலும் பத்துத் தெருக்களில் குழாய் நட்டும் தண்ணீர் வரவில்லையாமே, உண்மையா என்று. உடனே எங்கள் மெம்பர் எழுந்து, இது வெறும் புரளி, அந்தத் தெரு ஜனங்களே நன்றி தெரிவித்து எழுதிய கடிதம் இதோ என்று என் இரண்டாம் தாளை எடுத்துப் படித்துவிட்டார். கங்கை உட்பட. சபையில் எல்லோரும் மேஜையைத் தட்டினார்களாம். கேள்வி கேட்டவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

எனக்குக் கையிலிருந்த உளி நழுவியது. வெட்டிக்கொண்டிருந்த செம்பில் ஒரு புள்ளி எக்குத்தப்பாக விழுந்தது. யார் வீட்டுச் சீரோ!

நான் வீடு போய்ச் சேருமுன்பே செய்தி தெருவுக்குப் போய்விட்டது. முனியம்மா குழாயடியில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா நைனா, கங்கை வருதாமே? ஒரு குடம் புடிச்சுக்கட்டா? இல்ல படகு கொண்டாரவா?"

தெருவே சிரித்தது. சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவள் குரல் மாறியது. "சிரிப்பு சிரிப்பா கீது, ஆனா இது நாயமில்லே. நாங்களும்தான் கைநாட்டு வெச்சோம், வெச்சது தப்புதான். ஆனா எழுதுனது உன் கை. பந்தல்ல அகப்பையப் புடிக்கிறதும் அதே கைதானே?"

சுருக்கென்றது. அறுபத்துமூவர் அன்று எங்கள் தெரு போடும் தண்ணீர்ப் பந்தலில் அகப்பை பிடித்து ஊற்றுவது பதினாறு வருஷமாக என் பாக்கியம். நான் கல்யாணம் செய்துகொண்ட வருஷத்திலிருந்து. அடியார்கள் கை குவித்து வாங்கிக் குடிக்கும்போது எனக்குக் கைலாயமே கண்ணில் தெரியும். "தண்ணி விஷயத்துல பொய் எழுதுன கையால சாமி பார்க்க வர்றவங்களுக்குத் தண்ணி ஊத்தலாமா?" என்று தெரு கேட்டது. அந்தப் பொய்யைச் சபையிலேயே திருப்பி வாங்கினால் அகப்பை உனக்கு, இல்லாவிட்டால் இந்த வருஷம் வேறு ஆள் என்று தீர்மானமாயிற்று. என் மனைவியும் தெருக் கட்சிதான்.

"நான் அப்பவே ரெண்டாம் தாள் எதுக்குன்னு கேட்டேன்" என்றாள். அவள் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் அன்று ஒப்புக்கொண்டேன்.

4

மறுநாள் காலை தனியாக மெம்பரைப் பார்க்கப் போனேன். காபி கொடுத்தார்.

"என்னமா எழுதியிருக்கேப்பா! கங்கைன்னு படிச்சதும் மேஜையைத் தட்டினாங்க பாரு!"

"ஐயா, அது வேண்டுதல். முதல் தாளும் சேர்த்துத்தானே கொடுத்தேன்?"

"முதல் தாளா? கட்டு பிரிஞ்சு எங்கேயோ போயிருக்கும்."

நான் அவர் மேஜையைப் பார்த்தேன். என் இரண்டாம் தாள் அங்கேதான் இருந்தது. அதன் மூலையில் குண்டூசி குத்திய இரண்டு ஓட்டை. பக்கத்தில் ஒரு தட்டில், என் குண்டூசி! கடையில் பயன்படுத்தும் பித்தளைக் குண்டூசி, எனக்குத் தெரியாதா? தாள் தானாகப் பிரியவில்லை. பிரித்திருக்கிறார்கள்.

"ஐயா, சபையில் எழுந்து திருத்திச் சொல்லிவிடுங்கள்."

"சொன்னதைத் திருப்பி வாங்க, சபை என்ன உன் பாத்திரக் கடையா? போய் வேலையைப் பாரு. குழாய்க்கு ஆள் அனுப்பறேன், மெல்ல வரும்."

அப்போது உள் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

"ஆள் அனுப்பறேன்னாரே, அது போதாதா?" என்று வாத்தியாரிடம் கேட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பயம் வந்திருந்தது.

வாத்தியாருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "உன் தெருவுக்குத் தண்ணி வந்துடும் சபாபதி. மத்த ஒன்பது தெருவுக்கு? உன் கடிதத்தைப் பார்த்துட்டு அந்தக் கேள்வியே செத்துப் போச்சே! சபையில ஒருத்தர் பொய் சொன்னா, அதைக் கேட்ட அத்தனை பேரும் அந்தப் பொய் மேலதானே வீடு கட்டுவாங்க?"

கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. சிரிப்புச் சிரிப்பாக வந்தது. என் நோய்க்கு என் மருந்துதான்.

"வாத்தியாரே, இன்னொரு நன்றிக் கடிதம் எழுதுவோம்!"

5

அடுத்த நாள் காலை லஸ்ஸில் ஊர்வலம். முன்னால் நானும் வாத்தியாரும். பின்னால் தெருப் பெண்கள், ஆளுக்கொரு காலிக் குடம். முனியம்மா குடத்தின் வயிற்றில் தாளம் போட்டுக்கொண்டு வந்தாள். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணமா, சாமி புறப்பாடா என்று தெரியாமல் வழியில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிராம்காரர் மணியடித்து வழி விட்டார்.

மெம்பர் வாசலுக்கு வந்தார். "என்ன இது கூத்து?"

"இன்னா நைனா இப்டி கேட்டுட்டே? நீ சபையில விட்ட கங்கையைப் புடிச்சுக்கினு போலாம்னு வந்தோம்" என்றாள் முனியம்மா.

வாத்தியார் தாளைப் பிரித்து, பள்ளிக்கூடத்துக் குரலில் படித்தார். "மகா கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு. தாங்கள் வரும் திங்கட்கிழமை சபையில் எழுந்து, முன்பு தாங்கள் சொன்னது சரியல்ல, முதல் தாளை மறைத்து இரண்டாம் தாளை மட்டும் படித்துவிட்டேன் என்று ஆண்மையோடு சொன்னதற்கு எங்கள் தெருவின் கோடி நமஸ்காரம். தங்கள் வாய்மை வாழ்க, தங்கள் குலம் வாழ்க."

"நான் எப்போ சொன்னேன்?" என்று அலறினார் மெம்பர்.

நான் முன்னால் போனேன். "இன்னும் சொல்லவில்லை ஐயா. அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை. பாருங்கள், நாற்பது வீட்டுக்கும் இடம் விட்டிருக்கிறேன். இந்தத் தடவை நடந்த பிறகுதான் கையெழுத்து. நீங்கள் சொன்னால், அன்று மாலையே இதில் நாற்பது கையெழுத்தும் விழும், மாலையோடு கொண்டுவந்து கொடுப்போம். சொல்லாவிட்டால், கேள்வி கேட்ட மெம்பரிடம் நானே போய், இந்தப் பொய்யை எழுதியவன் நான், இதோ அதன் முதல் தாளின் நகல் என்று சொல்லிவிடுவேன். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

மெம்பர் பதில் சொல்லுமுன் உள் கதவு திறந்தது. முந்தின நாள் வளையல் சத்தமாக மட்டும் கேட்ட, மெம்பர் வீட்டு அம்மாள் வெளியே வந்தார். நெற்றி நிறைய விபூதி. கணவரைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார்.

"நாற்பதுக்குக் கீழே இன்னும் ஒரு இடம் விடுங்க. நானும் போடணும்" என்றார். பிறகு மெல்ல, "அறுபத்துமூவர் வாசலுக்கு வர்றப்ப, எந்த வாயால தேவாரம் சொல்லுவீங்க?" என்றார்.

மெம்பர் என்னைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "திங்கட்கிழமையா?" என்றார்.

6

சபை கோட்டையில் கூடும். வேடிக்கை பார்க்கும் மாடத்துக்குச் சீட்டு வாங்கித் தந்தவர் அந்த அம்மாள்தான். கோட்டு இல்லாமல் விடமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, வாத்தியாரின் பழைய கோட்டை மாட்டினேன். அவர் ஒல்லி. நான் அப்படி இல்லை. மூச்சு விட்டால் பொத்தான் தெறிக்கும் என்பதால் டிராமில் கோட்டை வரைக்கும் அரை மூச்சோடு போனேன்.

உள்ளே எல்லாம் இங்கிலீஷ். எங்கள் மெம்பர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். வாத்தியார் என் காதில் சொல்லச் சொல்ல, நான் அவர் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

"ரெண்டு தாள்னு சொல்றார்… ஒரே ஊசியில குத்தியிருந்ததுன்னு சொல்றார்… கிள்ளாதே… முதல் தாள்ல தண்ணி கேட்டிருந்தாங்க, அதைச் சபைக்குச் சொல்லலைன்னு சொல்றார்… சபையைத் தப்பா நம்ப வெச்சுட்டேன், அது என் குற்றம், அந்த ஜனங்களோட குற்றமில்லே… வருத்தப்படறேன், நான் சொன்னதைத் திருத்தி எழுதிக்கணும்… சபாபதி, சொல்லிட்டார்!"

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எங்கே இருக்கிறேன் என்பது மறந்துவிட்டது. கோபுரத்தைப் பார்த்தவன்போலக் கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, "நமப் பார்வதீ பதயே!" என்று கத்தினேன்.

நான் கத்தியதுகூடப் பெரிதில்லை. மாடத்தின் மறுகோடியிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான், பழக்க தோஷத்தில், "ஹர ஹர மகாதேவா!" என்று பதில் கொடுத்தாரே!

பொத்தான் தெறித்தது. கீழே கனவான்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். டவாலி போட்ட சேவகர் வந்து என் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் வராந்தாவில் விட்டார்.

"யோவ், இது இன்னா கோயிலா?"

"இன்னிக்கு ஒரு நாள் கோயில்தாங்க" என்றேன்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "எந்தத் தெரு நீ? எங்க தெருவுலயும் குழாய் காஞ்சுதான் கீது. மெம்பர் இன்னா சொன்னாரு, சொல்லு, சொல்லு."

நான் சொன்னேன். அந்த வராந்தாவில் அந்தச் சேவகரும் நானும் கையைக் கோத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் என் விலாவில் இருக்கிறது. உள்ளே, கேள்வி கேட்ட மெம்பர் பத்துத் தெருவையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார் என்று வாத்தியார் பிறகு சொன்னார்.

அன்று மாலை நாற்பத்தொரு கையெழுத்து.

7

அறுபத்துமூவர் அன்று குழாயில் தண்ணீர் வந்ததா? வரவில்லை! நாற்பது வீட்டுப் பெண்களும் கிணற்றிலிருந்து சுமந்து வந்து பந்தல் பானையை நிரப்பினார்கள். முனியம்மா அகப்பையைத் தன் முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள். எனக்குக் கண் மறைத்தது. முதல் அடியாருக்குத் தண்ணீரை அவர் மூக்கில் ஊற்றிவிட்டேன்.

உச்சி வெயிலில் மெம்பரும் அந்த அம்மாளும் செருப்பில்லாமல் வந்து, வரிசையில் நின்று, கை குவித்தார்கள். ஊற்றினேன்.

"குடி நைனா" என்றாள் முனியம்மா. "இது கெணத்துத் தண்ணி. சபையில போய்க் கொழாத் தண்ணின்னு சொல்லிடாதே!"

மெம்பருக்குப் புரை ஏறியது. முதலில் சிரித்தவர் அவர்தான்.

குழாயில் தண்ணீர் வந்தது ஆடி மாதம். சிங்கம் முதலில் இருமியது, பிறகு ஒரு பல்லியைத் துப்பியது, அதன் பின் தண்ணீர். நான் வயிறு முட்டக் குடித்து, தலையிலும் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு கடைக்குப் போய், பந்தல் அண்டாவில் தெருவின் பெயரை வெட்டினேன். கீழே ஒரு வரி: தண்ணீர் வந்த பிறகு வெட்டியது. அந்த அண்டா இன்னும் அங்கே இருந்தால் யாராவது பார்த்து எழுதுங்கள்.

அம்பாளுக்கு மட்டும் இன்றும் கேட்ட அன்றே தேங்காய் உடைக்கிறேன். அவள் முதல் தாளை ஒளிக்கமாட்டாள். மனிதர்களுக்கு நன்றி, காரியம் முடிந்த பிறகுதான்.

கதை முடிந்தது. சிவகாமி எழுந்து சந்து முழுவதும் ஓடி, வீடு வீடாகப் பர்மா பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். பத்து நிமிஷத்தில் சந்தே போய், அடுத்த சந்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த சேவகனைச் சுற்றி நின்று தாளைத் திருப்பிக் கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "கங்கை கதையைச் சொன்னேன்ப்பா" என்றாள். அப்பா என்றாள். கவனித்தேன், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

இவ்வளவும் எழுதி மூன்று நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்று மூடி வந்துவிட்டது. கனமான இரும்பு மூடி. நான் ஏறி நின்று குதித்தேன், மகளும் குதித்தாள், கோழிக்காரரும் குதித்தார். அதன் மேல் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன்.

இதைப் பொறுமையாகப் படித்ததற்கு உங்களுக்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரி எழுதினேன். எழுதியதை அடித்துவிட்டேன். நீங்கள் படித்தீர்களா என்று எனக்கு இன்னும் தெரியாதே! படித்த பிறகு ஒரு கார்டு போடுங்கள். நன்றியை அப்போது எழுதுகிறேன்.